உறையாத போத்தல்

2025 தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு கிழமை இருக்கும். விடியப்புறம் நல்ல குளிர். யாழ்ப்பாணத்து நீர்வேலிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் மலைநாட்டு நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். எங்களுக்கு அது துவாயைப் போர்த்திக்கொண்டு கிணற்றடிக்குப் போகிற குளிர். அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தா. ஒன்றும் வரவில்லை. உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக இறுகிப் போயிருந்தது. ஈர்க்கு ஒன்றை விட்டுக் கிண்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்திலை வை, உருகட்டும்" என்றா. கொண்டுபோய் வைத்தேன். அங்கே ஏற்கெனவே பொரிக்கிற எண்ணெய்ப் போத்தல் நின்றது. அதுவும் தேங்காயெண்ணெய்தான், முதல் நாள் பின்னேரம் கடையில் அளந்து வாங்கிவந்தது. அது கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக நின்றது. தூக்கி ஆட்டினேன். சளசள என்று ஆடியது.

ஒரே வீடு, ஒரே குளிர், ஒரே பெயர் சொல்லி வாங்கின இரண்டு எண்ணெய். தலைக்கு வைக்கிறது பளையில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தங்கள் வளவுத் தேங்காயில் ஆட்டிக் கொண்டுவந்து தந்தது. அது உறைகிறது. நாங்கள் வயிற்றுக்குள் போடுகிறது உறையவில்லை. அன்று கந்தோரில் இருந்த நேரம் முழுக்க இந்த ஒரு விஷயம் பல்லிடுக்கில் மாட்டின இறைச்சி நார் மாதிரி என்னை விடவில்லை.

மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். பின்னேரம் வந்ததும் அவளிடம்தான் கேட்டேன். தேங்காயெண்ணெய் 24, 25 பாகையளவில் உருகும், அதற்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும் என்றாள். சுத்திகரித்து, நிறத்தை எடுத்து, மணத்தை எடுத்தாலும் அந்தக் குணம் போகாதாம். அதனால் "கடை எண்ணெய் சுத்திகரிச்சது, அதுதான் உறையேல்லை" என்ற சமாதானம் சரிவராது. ஆனால் குளிர் போதாமல் சில நேரம் நல்ல எண்ணெயும் இறுகாமல் நிற்கும் என்றாள். சரி என்று இரண்டிலும் ஒவ்வொரு கரண்டியைச் சின்னக் கிளாசுகளில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தோம். இரண்டு மணித்தியாலத்தில் பளை எண்ணெய் கல்லு. கிளாசைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. கடை எண்ணெய் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி மங்கி, அடியில் கொஞ்சம் குருணை படிந்து, சரித்தால் ஓடியது.

"அம்மா, இது ஆதாரம் இல்லை" என்றாள் மகள். அயோடின் எண் பார்க்க வேண்டுமாம், எண்ணெயில் நிரம்பாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டுகிற கணக்கு அது. தேங்காயெண்ணெய்க்கு அது 6 முதல் 10 வரை, கலப்படத்துக்கு ஊற்றுகிற பாம் ஒயிலின் தெளிந்த பகுதிக்கு 56க்கு மேல். வீட்டில் செய்ய முடியாது. எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. நீதிமன்றத்துக்கா போகப்போகிறேன்?

கடைக்குத்தான் போனேன். இருபது வருடமாகக் கொடுக்கல் வாங்கல். பீப்பாய்க்குப் பக்கத்தில் புனலும் பழைய சாராயப் போத்தலும். எங்கள் பக்கம் எண்ணெய் இன்னும் போத்தல் கணக்குத்தான், 750 மில்லி. லீற்றர் என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "அண்ணை, இது தேங்காயெண்ணெய்தானே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னை முதலில் தடுமாற வைத்தது. "பிள்ளை, தேங்காயெண்ணெய் எண்டு சொல்லித்தான் வருது. நானும் தேங்காயெண்ணெய் எண்டு சொல்லித்தான் விக்கிறன்." உறைந்த கதையைச் சொன்னேன். சிரித்தார். "பேப்பரிலை பாம் ஒயிலுக்கு என்ன பேர் போடுறவங்கள்? முள்ளுத்தேங்காய் எண்ணெய். அப்ப அதுவும் தேங்காயெண்ணெய்தான். முன்னாலை ஒரு முள்ளு மட்டும் விட்டுப்போச்சு." கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஒரு போத்தல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வேறு என்ன செய்கிறது, இரவுச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் பொரிக்க வேண்டுமே.

பெயரில் இருக்கிற எள்ளு

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு யோசனை. எண்ணெய் என்றாலே எள் நெய்தான். எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் என்று பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்கு உதாரணமாகச் சொல்லித் தந்தார்கள். அப்படிப் பார்த்தால் தேங்காயெண்ணெய் என்ற சொல்லிலேயே இல்லாத எள்ளு ஒன்று கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் அதைவிட மோசம். கடைக்கார அண்ணை தமிழ் படித்திருந்தால் இதையும் எடுத்து என் தலையில் போட்டிருப்பார்.

யாழ்ப்பாணத்தில் எண்ணெய் என்று மதிப்பாகச் சொல்லப்பட்டது நல்லெண்ணெய்தான். பெயரிலேயே "நல்ல" இருக்கிறது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கோடு நல்லெண்ணெய். முந்திக் கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய். தேங்காயெண்ணெய்க்கு அந்தக் கௌரவம் எதுவும் இல்லை. அது தலைக்கும் பொரியலுக்கும். ஆனால் நாளாந்தம் அடுப்படியில் கூட நின்று வேலை செய்தது அதுதான். பருத்தித்துறை வடை, முறுக்கு, பயற்றம் பணியாரம், வாழைக்காய்ப் பொரியல், பொரித்த குழம்பு எல்லாம் அதற்குள் இறங்கி ஏறினவைதான். நல்லெண்ணெயில் எள்ளு எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குகிற ஆட்கள் நாங்கள். தேங்காயெண்ணெயைப் பற்றி அப்படி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வளவில் தென்னை நிற்கிறபோது என்ன கேள்வி என்ற எண்ணமாக இருக்கலாம்.

தேங்காயை விட மலிந்த எண்ணெய்

அந்த இரவு கணக்குப் போட்டேன். நான் கணக்கு வேலை செய்கிறவள். நித்திரை வராவிட்டால் கூட்டல் கழித்தல்தான். ஒரு கிலோ கொப்பறாவுக்கு ஏறக்குறைய 5 தேங்காய். அதில் 600 கிராம், நல்ல கொப்பறாவாக இருந்தால் 650 கிராம் எண்ணெய் இறங்கும். ஒரு லீற்றர் எண்ணெய் 920 கிராம் நிறை. ஆக லீற்றருக்கு 8 தேங்காய், போத்தலுக்கு 6. அந்த நாட்களில் சந்தையில் ஒரு தேங்காய் 180, 200 என்று விற்றது. கொழும்பில் மொத்த விலைக்கு வாங்குகிற ஆலைக்காரருக்கு 130 என்றே வைத்துக்கொள்வோம். 6 தேங்காய் 780 ரூபா. கடையில் நான் கொடுத்தது போத்தலுக்கு 760. உரித்த கூலி, காயவைத்த கூலி, மில், லொறி, கடைக்காரர் இலாபம் எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன. பிண்ணாக்கும் சிரட்டைக் கரியும் விற்று இவ்வளவையும் ஈடுகட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

பேந்து நாட்டுக் கணக்கைப் போட்டேன். இலங்கையில் ஒரு நல்ல வருடத்தில் ஏறத்தாழ 300 கோடி தேங்காய் விளையும். அதில் மூன்றில் இரண்டு பங்கு சம்பலுக்கும் சொதிக்கும் கறிக்கும் என்று வீடுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். திருவலையில் போய்ப் பாலாகி ஓடுகிறது அது. மிச்சம் 100 கோடி என்று வைப்போம். காய்ந்த துருவல், பால்மா, ஏற்றுமதி எதுவும் வேண்டாம், அவ்வளவையும் எண்ணெயாக்கினாலும் 12.5 கோடி லீற்றர். 2 கோடி 20 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வருடத்துக்கு ஆறு லீற்றரும் வராது. எங்கள் வீட்டில் அம்மாவோடு ஐந்து பேர், மாதம் நாலு போத்தல். வருடத்துக்கு 36 லீற்றர், ஆளுக்கு ஏழுக்கு மேல். இது வடை சுடாத மாதக் கணக்கு. கடைச் சாப்பாடு, ரோல்ஸ், மிக்சர், பிஸ்கட் எதுவும் இதற்குள் வரவில்லை.

பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். யாரோ ஒரு வியாபாரி ஒரு பீப்பாயில் களவு செய்தார் என்ற கதை இல்லை இது. நாடு முழுக்கத் தேங்காயெண்ணெய் என்று சொல்லி ஊற்றுகிற அளவுக்கு நாட்டில் தேங்காய் இல்லை. வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. கொஞ்சம் தேங்காயெண்ணெயாகவே வருகிறது, கொஞ்சம் பாம் ஒயிலாக வருகிறது, பீப்பாய்க்குள் இரண்டும் உறவாகிவிடுகின்றன. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்தைச் சின்ன வகுப்பில் படம் கீறிப் படித்த எங்களுக்கு இது உறைக்கவே இல்லை.

இதெல்லாம் புதுச் செய்தியும் இல்லை. 2021 பங்குனியில் (மார்ச்) வெளியிலிருந்து வந்த கச்சாத் தேங்காயெண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கிறது என்று, பொருட்களின் தரம் பார்க்கிற இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் பரிசோதனையில் தெரிந்து, 13 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பினார்கள். வருடப்பிறப்புக்கு இரண்டு மூன்று கிழமை இருந்த நேரம். அந்த முறை பலகாரம் சுடுகிறதா விடுகிறதா என்று ஊரே கதைத்தது. அடுத்த மாதம் 5ஆம் திகதி பாம் ஒயில் இறக்குமதிக்கே தடை என்றார் அப்போதைய ஜனாதிபதி. 1968இல் காலிப் பக்கம் நாகியாதெனியவில் தொடங்கிய முள்ளுத்தேங்காய்த் தோட்டங்களையும் படிப்படியாகப் பிடுங்கச் சொன்னார். பிஸ்கட், பேக்கரிக்காரருக்கு அது இல்லாமல் அடுப்பு எரியாது என்பது பிறகுதான் தெரிந்து, தடையைத் தளர்த்தினார்கள். அதே வருடம் இரசாயன உரத்துக்கும் தடை. கார்த்திகையில் அதைத் திருப்பி எடுத்தாலும் தென்னை உடனே மன்னிக்கிற மரம் இல்லை. பாளை வெடித்த நாளிலிருந்து காய் முற்ற 11, 12 மாதம். இன்றைக்கு அதற்குச் செய்த அநியாயத்தை அது வருடம் கழித்து ஆறுதலாகக் கணக்குத் தீர்க்கும். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறினபோது எல்லாரும் குரங்கைத்தான் திட்டினார்கள். 2025 பங்குனி (மார்ச்) 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் வளவில் நிற்கிற குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லிப் படிவம் தந்தது அரசாங்கம். எங்கள் வளவில் ஒரு குரங்கும் இல்லை. காகத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை.

கலக்க ஒன்றும் இல்லாத காலம்

அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "இதுக்கு ஏன் பேனையும் பேப்பரும்? கடை எண்ணெயிலை பொரிச்சா அடுத்த நாள் தாச்சியிலை ஒட்டுற பிசின் வேறை. எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"தெரிஞ்சு? நல்லதா வேறை எங்கை வாங்கிறது, ஆர் காசு குடுக்கிறது?"

பிறகு அவவாகவே தொண்ணூறுகளுக்குப் போனா. அம்மாவோடு எந்தக் கதை தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும், அவவின் வயது ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். 1990இல் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது எனக்குப் பதினொரு வயது. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் படித்தேன். சந்தியடியில் எப்போதோ நின்றுபோயிருந்த மாட்டுச் செக்கு திரும்பச் சுற்றத் தொடங்கியது. தேங்காய் தென்மராட்சியிலிருந்தும் பளைப் பக்கத்திலிருந்தும் சைக்கிள் கரியரில் வரும். அம்மா தாச்சியில் ஊற்றமாட்டா, துணியில் தொட்டுப் பூசுவா. அப்பளம் பொரிக்கிறது அப்போது ஆடம்பரம். தணலில் சுட்டுத் தருவா. "ஆனா பிள்ளை, அந்த எண்ணெய் எண்ணெய்" என்றா.

யோசித்துப் பார்த்தால் அது யாருடைய நேர்மையாலும் வந்த சுத்தம் இல்லை. கலக்கிறதுக்கு ஒன்றும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30ஆம் திகதி இரவு, ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா நகைப் பெட்டியோடு சேலைத் துண்டில் சுற்றி எடுத்தது அரைப் போத்தல் தேங்காயெண்ணெய். அப்பா அந்த நெரிசலிலும் பேசினார். கொடிகாமத்தில் ஒரு வளவில் மரத்துக்குக் கீழே இருந்த பதினைந்து நாளும் தாளிதத்துக்கு, தலைக்கு, நடந்து வெடித்த காலுக்கு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் திரிக்கு எல்லாவற்றுக்கும் அந்த அரைப் போத்தல்தான். முடியும்போது அடியில் இருந்த மண்டியைத் தம்பி விரலால் வழித்து நக்கினது எனக்கு நினைவிருக்கிறது.

எண்ணெய் தந்த மரங்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதுங்குகுழிக்குக் குற்றி வேண்டும் என்று தறித்தது ஒரு பக்கம், செல் விழுந்து தலை போனது ஒரு பக்கம். சண்டைக்காலம் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு முகமாலையால் பஸ்ஸில் போகையில் தலையில்லாத மரங்களைப் பார்த்துக்கொண்டே போவோம், அப்போது யாரும் பஸ்ஸுக்குள் கதைக்கமாட்டார்கள். இப்போது கண்ணிவெடி எடுத்த இடங்களில் பிள்ளைத் தென்னைகள் நிற்கின்றன. 2025 புரட்டாதியில் (செப்டெம்பர்) வடக்கிலும் ஒரு தென்னை முக்கோணம் என்று ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்தார். நல்ல விஷயம். நடுகிற கன்று காய்க்க ஐந்தாறு வருடம். அதுவரை வெள்ளை ஈ விட்டுவைக்க வேண்டும்.

எங்கள் வளவு ஆறு மரத்தையும் வெள்ளை ஈ பிடித்துத்தான் இருக்கிறது. ஓலையின் அடிப்பக்கம் மா தூவினது போல. அது சாறை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசினை ஒழுகவிடும், அது கீழ் ஓலையில் விழுந்து கரும்பூஞ்சணம் பிடிக்கும். மரத்துக்குக் கீழே நின்ற வாழை, மாதுளை, கிணற்றுக்கட்டு எல்லாம் கரி பூசினது போல ஆகிவிட்டது. சவர்க்காரத் தண்ணீரை விசையாக அடிக்கச் சொல்கிறார்கள். நாற்பது அடி உயரத்துக்கு யார் அடிக்கிறது? முந்தி ஒரு பறிப்புக்கு எண்பது விழுந்த வளவில் அந்த மாசியில் விழுந்தது பத்து.

மில்லில் நடந்தது

அந்தப் பத்தையும் வைத்துக்கொண்டு, கொடிகாமம் சந்தையில் இன்னும் 14 வாங்கி, நானே எண்ணெய் ஊற்றுகிறது என்று முடிவெடுத்தேன். என் கணவர் "உனக்கு விசர்" என்றார். இருக்கட்டும். 24 தேங்காயையும் உரித்து, பாதியாக உடைத்து, இளநீரைப் பிள்ளைகள் குடிக்க, முற்றத்தில் உரைப்பை விரித்துக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தோம். முதல் இரண்டு நாளும் காகத்தோடு மல்லுக்கட்டினது அம்மா, கதிரையைப் போட்டுக்கொண்டு கையில் தடியோடு. மூன்றாம் நாள் பருப்பு சிரட்டையை விட்டுச் சுருங்கியது. கத்தி நுனியால் ஒரு நெம்பு நெம்பினால் "டக்" என்று கழன்று கையில் வரும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நல்லாக இருந்தது. இன்னும் ஐந்து நாள் காயவிட்டோம். ஈரம் நூற்றுக்கு ஆறு அளவுக்கு வற்ற வேண்டுமாம். அதை அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அம்மா ஒரு துண்டை முறித்து, முறிகிற சத்தத்தை வைத்து "இப்ப சரி" என்றா. நிறுத்தால் 4.4 கிலோ.

சுன்னாகப் பக்கம் ஒரு மில்லுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற தம்பி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மெசின் குடிக்கவே காணாது. பத்துக் கிலோவாவது வேணும்" என்றார். திரும்பி வந்து அயல் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவவிடம் ஒரு உரைப்பையில் 7 கிலோ இருந்தது. சேர்ந்து ஊற்றுவம், நிறைப்படி பிரிப்பம் என்றா. அடுத்த நாள் ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் போனோம்.

மில்லில் அவ பையை அவிழ்த்துத் தட்டில் கொட்டினபோதுதான் பார்த்தேன். நடுவில் வந்த மழைத்தூறலில் அவவின் கொப்பறா நனைந்திருக்கிறது. துண்டுகளின் மடிப்பில் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம். பெரும்பாலானதைத் துடைத்திருக்கிறா, துணி போன தடம் தெரிகிறது. துணி போகாத ஓரங்களில் தூள் அப்படியே இருந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். விரலில் மஞ்சள் மா ஒட்டியது.

2021இல் எந்தப் பெயரைக் கேட்டு ஊரே பயந்ததோ, அந்த நஞ்சு வருகிறது இப்படியான மஞ்சட் பச்சைப் பூஞ்சணத்தால்தான். எல்லாப் பூஞ்சணமும் அது இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவும் ஏலாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து, தீனியில் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் அப்படி ஒன்று இருப்பதையே கண்டுபிடித்தார்கள். ஈரலைத் தாக்கும். பொரிக்கிற சூட்டுக்கு அது அசையாது. ஆலையில் காரம் போட்டுச் சுத்திகரித்தால் பெரும்பாலும் போய்விடும். அதாவது கடை எண்ணெய் சுத்திகரித்ததாக இருந்தால் அதில் இது இருக்க வாய்ப்புக் குறைவு. செக்கில் ஆட்டி வடித்து, "எங்கடை வளவு எண்ணெய்" என்று நெஞ்சை நிமிர்த்திக் கொண்டுபோகிற எண்ணெயில் இருக்கலாம். மகளுக்காக இதையெல்லாம் வாசித்து வைத்திருந்தவள் நான்தான். அந்த நேரம் அங்கே அது தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

இரண்டு துண்டை யாரும் காணாமல் எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். மூன்றாவதற்குக் கை நீட்ட முதல் அந்தத் தம்பி என் 4.4 கிலோவையும் அதற்கு மேலே கொட்டிக் கையால் கலந்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தா. எங்கள் அம்மாவுக்குச் சுகமில்லாத நாட்களில் சோறு கறி அனுப்புகிற ஆள் அவ. நான் வாயைத் திறக்கவில்லை. மெசின் சுற்றியது, பொன் நிறத்தில் இறங்கியது, அந்த வாசத்துக்கு மில் வாசலில் நின்ற ஆட்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "சுத்தமான எண்ணெய்க்கு மணமே வேறை" என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன்.

கடைக்கார அண்ணை என்னிடம் சொன்ன "எண்டு சொல்லித்தான் வருது" என்ற வசனம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் பீப்பாய் கொண்டுவருகிற யாரோ ஒருவர் இருப்பார். அவரோடும் முகம் முறிக்க ஏலாதுதானே.

என் பங்கு நாலு போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. சந்தை விலைக்குத் தேங்காயும் மில் கூலியும் போட்டால் போத்தல் 1200 ரூபாவைத் தாண்டிவிட்டது, ஓட்டோ காசு சேர்க்காமல். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பால் மாதிரி உறைந்தது. உறைவது தேங்காயா என்பதை மட்டும்தான் அந்தப் பெட்டி சொல்லும்.

இடையில் இன்னொரு பகிடி. எனக்குக் கொழுப்புக் கூட என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு நூற்றுக்குத் தொண்ணூறு, பாம் ஒயிலின் தெளிந்த பகுதியில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. "எண்ணெயைக் குறையுங்கோ, தேங்காயெண்ணெயைக் கட்டாயம் குறையுங்கோ" என்றா டொக்டர். குறைத்துத்தான் இருக்கிறேன் போல, எனக்குத் தெரியாமலே.

அந்த வெள்ளிக்கிழமை உழுத்தம் வடை. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இரண்டு தாச்சியில் சுட்டேன். ஒன்றில் கடை எண்ணெய், மற்றதில் மில் எண்ணெய். அக்காவின் கொப்பறாவை நினைத்துக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஒரு தரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே நாடு முழுக்க எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டு தட்டிலும் வைத்துக் கொடுத்தேன். சின்னவன் மில் எண்ணெய் வடையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுழித்தான்.

"அம்மா, இதிலை தலை எண்ணெய் மணக்குது."

அக்காள்காரியும் மணந்து பார்த்துவிட்டு மற்றத் தட்டை இழுத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தள்ளிவிட்ட தட்டைத் தன் பக்கம் எடுத்து, ஒரு வடையைப் பிட்டு, வாயில் போட முதல் மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இருந்தா. பிறகு அடுப்படியைப் பார்த்து, "மிச்ச எண்ணெயை ஊத்தி மூடி வை பிள்ளை, விளக்குக்கும் தலைக்கும் ஆகும். பொரிக்கிறதுக்கு மற்றதை வாங்கு" என்றா.

இப்போது இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதை எழுதுகிற இன்று மார்கழி பிறந்து மூன்றாம் நாள். ஒன்றின் அடியில் வெள்ளை படியத் தொடங்கிவிட்டது.